அணைத்த லைனுக்கு எதற்கு எர்த்?

"சுவிட்சைத் திறந்து, ஃபியூஸையும் கழற்றிவிடுகிறார்கள். அதற்கப்புறமும் ஒரு நீளமான கோலால் கம்பிகளில் எதையோ மாட்டிவிட்டுத்தான் லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். கரண்ட்டே இல்லாத கம்பிக்கு அது எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் மாட்டுவதுதான் எர்த்: கம்பிகளைத் தரையோடு இணைக்கும் கேபிள். மின் விநியோகத்தில் வேலைக்குச் சேரும் ஒருவருக்குப் பயிற்சியில் மனதில் பதிய வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று என்றால், நான் இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் சொல்வேன்.

வேலைக்கு முந்தைய படிகள் தெரிந்தவைதான். லைனை எல்லாப் பக்கமும் துண்டிக்க வேண்டும். திறந்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்வதற்கான பெர்மிட்டை, அதாவது அனுமதியை, எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு டெஸ்டரால் சோதிக்க வேண்டும். அதிலும் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, அப்புறம் லைனைச் சோதித்து, மறுபடியும் பழைய இடத்தில் டெஸ்டரைச் சோதிப்பார்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது கம்பியும் செத்துவிட்டது என்றுதானே சொல்லும்?

சரி, டெஸ்டர் மின்சாரம் இல்லை என்கிறது. அது அந்த நொடியின் உண்மை. அடுத்த நிமிடம் என்ன ஆகும்?

டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் கருவி. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்குத் தரும் அதே டிரான்ஸ்பார்மரின் வீட்டுப் பக்கத்தில் யாராவது 230 வோல்ட் கொடுத்தால், லைன் பக்கத்தில் அது சுமார் 44 மடங்காகும். அதாவது கிட்டத்தட்ட 10,000 வோல்ட். கரண்ட் போனதும் வீட்டு ஜெனரேட்டரை மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக வயரிங்கில் சொருகினால் இதுதான் நடக்கும். பக்கத்து வீடுகளின் லோடு இழுப்பதால் இந்த மின்னழுத்தம் (வோல்டேஜ்) இறங்கலாம். ஆனாலும் மிச்சமிருப்பது ஆளைக் கொல்லப் போதும்.

ஜெனரேட்டரே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. பக்கத்தில் இன்னொரு லைன் உயிரோடு ஓடினால், 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இந்தக் கம்பியிலும் அழுத்தத்தை உண்டாக்கும். போதாததற்கு, இரண்டு கம்பிகளும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஆகிவிடும்; அதன் வழியாகவும் இந்தக் கம்பியில் அழுத்தம் ஏறும். தொலைவில் விழும் மின்னலும் அதே கம்பி வழியாக வரலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எர்த் செய்தால் 'கரண்ட் மண்ணுக்குள் போய்விடும்' என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில்கூட அப்படியே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மின்னோட்டம் சுலபமான பாதையில் மட்டும் போவதில்லை. இருக்கிற எல்லாப் பாதைகளிலும், தடைக்கு ஏற்றபடி பங்கு போட்டுக்கொண்டு போகும். அந்தப் பாதைகளில் ஒன்று மனித உடல்.

ஓம் விதிப்படி (மின்னோட்டம் × தடை = அழுத்தம்) ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரமான தோல் என்றால் கையிலிருந்து காலுக்கு உடலின் தடை சுமார் 1,000 ஓம். எர்த் கம்பியை எங்கோ தூரத்தில் மண்ணில் அடித்த ஒரு ராடில் கட்டியிருக்கிறோம், அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தவறிப்போய் லைனில் 100 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ராடின் மேல் 1,000 வோல்ட் ஏறும். தரையில் நின்று கம்பியைப் பிடித்தவர் உடலில் சுமார் 1 ஆம்பியர் பாயும். இதயத்தைக் குழப்ப 30 மில்லி ஆம்பியரே போதும். எர்த் செய்திருந்தும் ஆள் தப்ப மாட்டார்.

இப்போது அதே வேலையை வேறு விதமாகச் செய்வோம். வேலை நடக்கும் கம்பத்திலேயே மூன்று ஃபேஸ் கம்பிகளையும் தடித்த செப்புக் கேபிளால் ஒன்றாகச் சேர்த்து, அவர் கால் வைத்திருக்கும் உலோகத்தோடும் இணைத்து எர்த் செய்கிறோம். அந்தக் கேபிளின் தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. யாரோ தவறுதலாக லைனைப் போட்டு 5,000 ஆம்பியர் பாய்ந்தாலும், அவர் கைக்கும் காலுக்கும் நடுவே 5 வோல்ட்தான் இருக்கும். உடலில் 5 மில்லி ஆம்பியர். அதுவும், மூன்று ஃபேஸும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் லைனைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் உடனே விழும் வரைதான். மண்ணோடு ஒப்பிட்டால் அந்தக் கம்பத்தின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறியிருக்கலாம். அப்படி ஏறினாலும் கம்பத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் கையும் காலும் சேர்ந்தே ஏறுகின்றன. கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவியைக் காப்பாற்றுவதும் இதே சம அழுத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் தரையில் நின்றபடி கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் உதவியாளரைக் கம்பத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்கிறோம்.

"இத்தனை வருஷமாக இப்படித்தான் வேலை செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்லும் மூத்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஓம் விதிக்கு அனுபவசாலியும் புதியவரும் ஒன்றுதான். ஒருநாள் வகுப்பு நடத்தி, கையெழுத்து வாங்கி அனுப்புவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஆள் உயரத்தில் கம்பி கட்டிய பயிற்சிக் களங்களை அமைக்கலாம். உயிரில்லாத கம்பியில் நூறு முறை கை பழக வேண்டும்.

அங்கே முதலில் பழக வேண்டியது வரிசை. எர்த் பக்கக் கிளாம்பை முதலில் மாட்டி, அப்புறம்தான் காப்பிடப்பட்ட கோலால் லைன் பக்கத்தை மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: லைன் பக்கம் முதலில், எர்த் கடைசியில். இதை மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் மறந்துவிடுவார். அதனால் பயிற்சி தருபவர் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, "லைனில் இப்போது கரண்ட் வந்தால், உன் கையில் இருக்கும் கிளாம்பில் எத்தனை வோல்ட் இருக்கும்?" என்று கேட்க வேண்டும். லைன் பக்கத்தை முதலில் மாட்டிவிட்ட மாணவர், தன் கையில் தொங்கும் மறுமுனையைப் பார்த்துத் தானே பதில் சொல்வார்: லைனின் முழு அழுத்தமும்.