சமநிலை என்றால் நல்ல நிலையா?

பொருளியலில் வரும் ஈக்விலிப்ரியம் என்பதைத் தமிழில் சமநிலை என்கிறோம். லத்தீனில் ஈக்வுஸ் என்றால் சமம், லிப்ரா என்றால் தராசு. இரண்டு தட்டும் ஒத்து நிற்பதுதான் மூலப்பொருள். நல்ல தமிழ், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நடுவுநிலைமையைச் சொல்ல "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்று குறளே தராசைத்தான் காட்டுகிறது, அதனாலோ என்னவோ சமன் என்றதும் நியாயம் என்ற நினைப்பும் நமக்குக் கூடவே வந்துவிடுகிறது. பொருளியலில் அது வேண்டாம். தன் முடிவை மாற்றிக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லாத நிலை, அவ்வளவுதான்.

இதை வேலையின்மையில் வைத்துப் பார்ப்போம். கூலி தடையில்லாமல் இறங்கினால் கேட்பவருக்கெல்லாம் வேலை கிடைக்கும், மிஞ்சுவது வேலை மாறுகிறவர்களும் அந்தக் கூலிக்கு வர மறுப்பவர்களும்தான் என்றது செவ்வியல் பொருளியல், அதாவது கீன்ஸுக்கு முன் செல்வாக்கோடு இருந்த பழைய பொருளியல். கீன்ஸ் என்பவர் ஆங்கிலப் பொருளியலாளர். சரி, இங்கிலாந்தின் ஜாரோ ஊரை எடுத்துக்கொள்வோம். 1930களின் முதல் பாதியில் அங்கே பாமர்ஸ் கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது, ஊரில் பெரும்பாலோருக்கு வேலை போனது. கூலியைக் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லக்கூட எதிரில் முதலாளி இல்லை. 1936 அக்டோபரில் 200 பேர் வேலை கேட்டு அங்கிருந்து லண்டனுக்கு நடந்தே போனார்கள். இவர்களையா வேலைக்கு வர மனமில்லாதவர்கள் என்பது?

அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த தன் நூலில் கீன்ஸ், வேலைக்கு வரத் தயாராக இருந்தும் வேலை கிடைக்காத இந்த நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தமிழில் விரும்பா வேலையின்மை என்று எழுதுவதே சரி. விருப்பமில்லா வேலையின்மை என்று எழுதினால் வேலையில் விருப்பமில்லாதவர் என்று படித்துவிடுவார்கள், பொருளே தலைகீழாகிவிடும்.

அவர் சொன்ன காரணம் இதுதான். ஒருவர் செய்யும் செலவு இன்னொருவருக்கு வருமானம். வருமானத்தில் ஒரு பகுதி சேமிப்பாக ஒதுங்குகிறது, அதற்கு ஈடாக முதலீடு வராவிட்டால் சரக்கு தேங்கும், முதலாளி உற்பத்தியைக் குறைப்பார், ஆட்களை நிறுத்துவார், வருமானம் இறங்கும், அதோடு சேமிப்பும் இறங்கும், கடைசியில் சேமிப்பும் முதலீடும் ஓரிடத்தில் ஒத்து நிற்கும். விற்கிற அளவுக்கே உற்பத்தி என்பதால் இன்னும் ஆள் எடுக்க முதலாளிக்குக் காரணமில்லை. வாசலில் நிற்பவருக்கு வேலை வேண்டும்தான், ஆனால் வேலை கிடைத்தால் எதையெல்லாம் வாங்குவார் என்பது கடைக்காரர் கணக்கில் ஏறாது. கையில் காசோடு வரும் தேவைதான் ஏறும். பாடநூல்களில் விளைவுத் தேவை என்பது இதைத்தான். எல்லார் கூலியையும் குறைத்தாலோ அந்தத் தேவையே இன்னும் சுருங்கக்கூடும்.

இதுவும் சமநிலைதான், பலர் வேலையில்லாமல் இருக்கும்போதே நிலைத்து நிற்கும் குறைவேலைச் சமநிலை. தானாக நகராது, அரசோ முதலீட்டாளரோ புதிதாகச் செலவு செய்தால்தான் நகரும்.