லேயர் ஸ்டேட்டில் எது பதிவாகிறது, எது ஆவதில்லை

ஒரே கட்டட வரைபடத்திலிருந்து சுவர் பிளான், மின்னிணைப்பு பிளான், குழாய் பிளான் என மூன்று ஷீட் எடுக்க வேண்டியிருக்கிறது. மின்னிணைப்பு ஷீட்டில் சுவர் சாம்பல் நிறத்தில் மங்கலாகவும், வயரிங் அழுத்தமாகவும் வர வேண்டும். குழாய் ஷீட்டில் வயரிங் தெரியவே கூடாது. லேயர்கள் (கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்குகள்) நிறைய உள்ள ஃபைலில் இதையெல்லாம் கையால் மாற்றிக்கொண்டிருந்தால், ஒன்றிரண்டு கண்ணுக்குத் தப்பி பிளாட்டில் (அச்சில்) வந்து நிற்கும். வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் இந்த வேலைக்கென்றே இருப்பது லேயர் ஸ்டேட்: லேயர்களின் அமைப்பை ஒரு பெயரில் சேமித்து, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும் வசதி.

சேமிப்பது எளிது. ஒரு ஷீட்டுக்குத் தேவையானபடி லேயர்களை அமைத்துவிட்டு, லேயர் ஸ்டேட்ஸ் மேனேஜரைத் திறந்து, 'நியூ' அழுத்திப் பெயர் கொடுத்தால் போதும். ஆன்-ஆஃப், ஃப்ரீஸ், லாக், பிளாட் ஆகுமா ஆகாதா, நிறம், லைன்டைப் (கோட்டின் வகை), லைன்வெயிட் (கோட்டின் தடிமன்), டிரான்ஸ்பரன்சி எல்லாமே பதிவாகும். அப்போது எந்த லேயர் கரன்ட்டாக (வரைந்துகொண்டிருந்த லேயராக) இருந்தது என்பதும் சேரும். இந்தப் பதிவு டிராயிங்கின் உள்ளேயே, லேயர் டேபிளோடு ஒட்டிய ஒரு அகராதியில் உட்காருகிறது. ஆகவே டிராயிங் ஃபைலை யாருக்கு அனுப்பினாலும் ஸ்டேட்டுகளும் கூடவே போகும்.

திரும்பக் கொண்டுவரும்போது (ரிஸ்டோர்) எல்லாக் குணங்களையும் கொண்டுவர வேண்டியதில்லை. மேனேஜரின் கீழ் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் விரியும். எந்தெந்தக் குணம் திரும்ப வேண்டும் என்று அங்கே டிக் செய்யலாம். ஆனால் நிறத்தை வைத்துக் கோட்டின் தடிமனை முடிவுசெய்யும் பிளாட் ஸ்டைல் பயன்படுத்தும் டிராயிங்கில் 'கலர்' டிக்கை எடுத்துவிட்டால், முந்தைய ஷீட்டின் நிறமும் அதன் தடிமனும் அப்படியே தங்கிவிடும். திரையில் பார்க்கும்போது உறுத்தாது. காகிதத்தில்தான் தெரியும்.

பெரும்பாலான குழப்பம் வேறொரு இடத்தில் பிறக்கிறது. லேயர் ஸ்டேட் என்பது 'வயரிங் அல்லாதவற்றை மறை' என்பது போன்ற விதி கிடையாது. சேமித்த நேரத்தில் டிராயிங்கில் இருந்த லேயர்களின் பட்டியல், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டைப் போல, அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவரின் பெயர் அதில் இருக்காது. குழாய் ஷீட்டின் ஸ்டேட்டைச் சேமித்த பிறகு 'ஃபால்ஸ் சீலிங்' என்று ஒரு லேயர் உருவானால், குழாய் ஸ்டேட்டை ரிஸ்டோர் செய்யும்போது அந்த லேயரை அது தொடாது. சீலிங் கோடுகள் குழாய்களின் மேலேயே கிடக்கும்.

இதற்கு மேனேஜரிலேயே ஒரு டிக் உண்டு: ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை ஆஃப் செய்யும் தேர்வு. பயனுள்ளதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. புதிதாக இணைத்த எக்ஸ்ரெஃபின் (வெளியிலிருந்து இணைக்கும் வேறொரு டிராயிங்கின்) லேயர்களும் பழைய ஸ்டேட்டில் இருக்காது. டிக் இருந்தால் அவை மொத்தமாக மறைந்துவிடும், எக்ஸ்ரெஃபே இணையவில்லை என்று தோன்றும். புதிய லேயர் சேர்த்த அன்றே, ஒவ்வொரு ஸ்டேட்டாக ரிஸ்டோர் செய்து, அந்த லேயரைத் தேவையானபடி வைத்து, அதே பெயரில் மறுபடி சேமிப்பதே சரியான வழி. சலிப்பான வேலை. ஆனால் பிளாட் எடுத்த பிறகு பிழை தேடுவதைவிட இது குறைந்த வேலை.

அடுத்த சிக்கல் வியூபோர்ட், அதாவது லேஅவுட்டில் (அச்சிடும் தாளின் அமைப்பில்) மாடல் ஸ்பேஸை (வரைபடம் வரையும் இடத்தை) காட்டும் ஜன்னல். லேஅவுட்டில் ஒரு வியூபோர்ட்டின் உள்ளே நின்று ரிஸ்டோர் செய்தால், தெரியக் கூடாத லேயர்கள் அந்த வியூபோர்ட்டில் மட்டும் ஃப்ரீஸ் ஆகும்; மாடல் ஸ்பேஸில் அவை இருந்தபடியே இருக்கும். தெரிய வேண்டிய லேயர்களோ மாடல் ஸ்பேஸிலும் ஆன் ஆகி, ஃப்ரீஸ் நீங்கும். நிறம், லைன்வெயிட் ஆகியவற்றின் கதை வேறு. குணங்களை வியூபோர்ட் ஓவர்ரைடாக (அந்த வியூபோர்ட்டுக்கு மட்டுமான மாற்றமாக) போடும் தேர்வை டிக் செய்யாவிட்டால், அவை டிராயிங் முழுவதற்கும் மாறிவிடும். மின்னிணைப்பு ஷீட்டுக்காகச் சுவரைச் சாம்பலாக்கினால், சுவர் பிளான் ஷீட்டிலும் சுவர் சாம்பலாகிவிடும். அந்தத் தேர்வு வியூபோர்ட்டின் உள்ளே இருக்கும்போது மட்டுமே கிடைக்கும் என்பதால், முதலில் வியூபோர்ட்டின் உள்ளே இரட்டைக் கிளிக் செய்துவிட்டுத்தான் மேனேஜரைத் திறக்க வேண்டும்.

ஸ்டேட்டைச் சரியாக ரிஸ்டோர் செய்தும் சில பொருட்களின் நிறம் மாறவில்லையா? அந்தப் பொருளின் நிறம் 'பைலேயர்' ஆக (லேயரின் நிறத்தையே எடுப்பதாக) இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாகச் சிவப்பு கொடுத்த கோடு, லேயர் எந்த நிறத்துக்குப் போனாலும் சிவப்பாகவே இருக்கும். 'செட்பைலேயர்' கமாண்ட் இவற்றை ஒரே வீச்சில் சரிசெய்யும். பிளாக்கிலும் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த கோடுகளின் தொகுப்பு) ஒன்று கவனிக்க வேண்டும். பிளாக்கைச் செருகிய லேயரை ஆஃப் செய்தால், அதன் உள்ளே வேறு லேயர்களில் உள்ள கோடுகள் மறையாது. ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுதும் மறையும். அதனால் ஸ்டேட்டுகளை அமைக்கும்போது ஆஃபைவிட ஃப்ரீஸையே நம்புவது நல்லது.

எக்ஸ்ரெஃப் லேயர்களில் செய்த மாற்றம் ஃபைலை மூடித் திறந்ததும் காணாமல் போனால், 'விஸ்ரீடெய்ன்' என்ற சிஸ்டம் வேரியபிளின் மதிப்பு 0 ஆக இருக்கிறது என்று அர்த்தம். அதை 1 ஆக்கி, ஸ்டேட்டை மறுபடி ரிஸ்டோர் செய்து, டிராயிங்கைச் சேமிக்க வேண்டும். தவறான ஸ்டேட்டை ரிஸ்டோர் செய்துவிட்டால் 'லேயர்பி' கமாண்ட் லேயர் மாற்றத்தை மட்டும் பின்வாங்கும்; இடையில் வரைந்தவை அழியாது.

ஒரே அமைப்பைப் பல டிராயிங்குகளில் வைக்க, எக்ஸ்போர்ட் செய்து எல்ஏஎஸ் ஃபைலாக எடுக்கலாம். இம்போர்ட் செய்யும் டிராயிங்கில் இல்லாத லேயர்கள் தாமாகவே உருவாகும். எனவே இரண்டு ஃபைல்களிலும் பெயர் ஒரு எழுத்து வேறுபட்டாலும், சுவருக்கு இரண்டு லேயர்கள் வந்து நிற்கும். லோட் ஆகாத லைன்டைப் இருந்தால் அதை மீட்க முடியவில்லை என்று அறிவிப்பு வரும். முதலில் லைன்டைப்பை லோட் செய்துகொண்டு இம்போர்ட் செய்வது நல்லது.

எல்ஏஎஸ் வெறும் எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்தால் ஒரு வரியில் எண்ணும் அடுத்த வரியில் மதிப்புமாக இருக்கும். 8 என்ற எண்ணுக்கு அடுத்து வருவது லேயர் பெயர், 62க்கு அடுத்து நிறம், 6க்கு அடுத்து லைன்டைப், 370க்கு அடுத்து லைன்வெயிட். லைன்வெயிட் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக இருக்கும்: 25 என்றால் 0.25 மி.மீ.; -3 என்றால் டிஃபால்ட். இரண்டு ஸ்டேட்டுகள் எங்கே வேறுபடுகின்றன என்று தெரியாமல் திண்டாடும்போது, இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து இந்த வரிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மாறியிருக்கும் லேயர் அகப்பட்டுவிடும்.