வளைந்த ரீப்பர் போடும் கணக்கு

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். விடுமுறைக்கு இங்கிலாந்து போன மகள், அங்கே மரப்படகு கட்டும் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். "மூன்று நாள் ஆயிற்று, இன்னும் உளியைத் தொடவில்லையாம். வெள்ளை பெயிண்ட் அடித்த ஒட்டுப்பலகையைத் தரை முழுக்க விரித்து, மண்டியிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கா இவ்வளவு காசு கட்டினோம்?" என்று கேட்கிறார். மகள் அனுப்பிய படம் ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தார். தரையில் நீளமாக ஒரு வளைகோடு. அதை ஒட்டி வரிசையாகப் படுக்கவைத்த ஆணிகள். "இது என்ன என்று கேட்டால், அது பெரிய கதைம்மா என்கிறாள்."

பெரிய கதைதான். எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் உடலில் நேர்கோடு என்று அநேகமாக எதுவும் இல்லை. அதைத் தாளில் காட்டப் பக்கவாட்டுப் பார்வை, மேற்பார்வை, முன்பார்வை என மூன்று படங்கள் வேண்டும். வடிவமைத்தவர் அந்த மூன்றையும் சிறிய அளவில் வரைந்து, கூடவே ஓர் எண் அட்டவணையும் தருவார். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, இத்தனையாவது இடத்தில், நடுக்கோட்டிலிருந்து அகலம் இவ்வளவு, அடியிலிருந்து உயரம் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அந்த எண்களை எடுத்து, படகின் உண்மையான அளவிலேயே தரையில் வரைவதுதான் லாஃப்டிங். லாஃப்ட் என்றால் மேல்தளம். கப்பல் பட்டறைகளில் தூண் குறுக்கிடாத பெரிய மேல்தளத்தில் இந்த வேலை நடந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எதற்கு உண்மையான அளவு? பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால், படகில் அது 5 மில்லிமீட்டர். தாளில் கண்ணுக்கே தெரியாத தவறு, மரத்தில் கண்ணை உறுத்தும் இடைவெளியாகிவிடும். படகில் அது ஏன் பெரிய குற்றம் என்றால், வங்குகளின் மேல், அதாவது படகின் விலா எலும்புகளின் மேல், நாளைக்கு ஒரு பலகை வந்து படுக்கவேண்டும். ஒரு வங்கு மட்டும் 5 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தால் பலகை அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். ஆணி அடித்து இழுத்துக் கட்டலாம். ஆனால் மரம் அந்த அவமானத்தை மறக்காது. அலை அடிக்க அடிக்க அந்த இடம் வேலை செய்துகொண்டே இருந்து, ஒருநாள் தண்ணீரை உள்ளே விடும். பலகை இடுக்குகளை அடைத்து எத்தனை முறை கலப்பத்து அடித்தாலும் அந்த ஒழுக்கு திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே தரையில் போடும் கோடு, பலகை தானாக விரும்பி வளையும் கோடாக இருக்கவேண்டும். பலகைக்கு எது விருப்பம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு மரத்தைக் கேட்கவேண்டியதுதான். அந்த மரம்தான் ரீப்பர். கூரை வேலையில் நாம் பார்க்கும் அதே மெல்லிய நீளச் சட்டம். ஆனால் முடிச்சில்லாமல், நார் நேராக ஓடும் மரத்தில் பார்த்துப் பார்த்து இழைத்தது. முடிச்சு இருந்தால் அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு பொய் சொல்லும்.

வேலை இப்படி நடக்கும். அட்டவணையில் உள்ள புள்ளிகளைத் தரையில் குறிப்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஆணி. ரீப்பரை ஆணிகளை ஒட்டி வளைத்து, மறுபக்கமும் ஆணி வைத்து நிறுத்துவார்கள். ரீப்பருக்குள் ஆணி இறக்கமாட்டார்கள். அது நழுவிக்கொள்ள இடம் வேண்டும். மேசையில் வரைபவர்கள் ஆணிக்குப் பதிலாக ஈயக் கட்டிகளை வைப்பார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்குத் 'திமிங்கலம்', 'வாத்து' என்றெல்லாம் பெயர் உண்டு.

இப்போது அந்த ரீப்பருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மரத்தை வளைக்க நாம் செலவழித்த உழைப்பு அதற்குள் ஆற்றலாகத் தங்கியிருக்கிறது. வளைவு இரண்டு மடங்கு கூர்மையானால், அதே நீளத்தில் தங்கும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் ஓரிடத்தில் வெடுக்கென்று திரும்புவது ரீப்பருக்குக் கட்டுப்படியாகாது. அந்தத் திருப்பத்தை முன்னும் பின்னும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு, மொத்தச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. அத்தனை ஆணிகளையும் தொட்டுக்கொண்டு போகக்கூடிய வளைகோடுகள் எண்ணற்றவை. அவற்றில் மிகக் குறைந்த ஆற்றலில் முடிகிற ஒன்றை ரீப்பர், நீங்கள் கையை எடுத்த அடுத்த நொடியே, கண்டுபிடித்துவிடுகிறது. 1742இல் கணிதவியலாளர் தானியேல் பெர்னூலி, வளைந்த பட்டை ஒன்று எந்த வடிவத்தை எடுக்கும் என்பதை இப்படி ஆற்றலை வைத்துக் கணக்கிடலாமே என்று இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லர் 1744இல் அந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டினார். கப்பல் தச்சர்களின் கையில் இருந்த விடை, கணித மேதைகளின் தாளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இரண்டு ஆணிகளுக்கு நடுவே ரீப்பரை யாரும் தொடவில்லை. அதனால் அங்கே வளைக்கும் விசை சீராக ஏறும் அல்லது சீராக இறங்கும். மென்மையான வளைவுகளில் இதன் விளைவு, பள்ளியில் படித்த முப்படிச் சமன்பாடு. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு முப்படிக் கோடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இடம், சாய்வு, வளைவு மூன்றும் பொருந்திப் போவதால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசி ஆணியைத் தாண்டினால் வளைக்க எதுவும் இல்லை, ரீப்பர் நேராகப் போய்விடும். அதனால்தான் படகின் முனையோடு அதை வெட்டாமல் இரண்டு முழமாவது வெளியே நீட்டிவிட்டு, அங்கேயும் ஓர் ஆணி வைத்து வளைவைத் தொடரச் செய்வார்கள்.

தடிமன் இன்னொரு சூட்சுமம். ரீப்பரின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒல்லியானது எல்லா ஆணிக்கும் தலையாட்டும். தவறான புள்ளியையும் ஏற்றுக்கொண்டு அதன் வழியே நெளிந்து போகும். தடித்தது மறுக்கும். எனவே அந்த வளைவுக்கு உடையாமல் இணங்கக்கூடிய ரீப்பர்களில் மிக விறைப்பானதை எடுக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் 3 மீட்டர் நீளத் துடுப்புப் படகு ஒன்றை என் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் வரைந்து பார்த்தோம். சோபாவைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒட்டுப்பலகையை மூலைவிட்டமாகப் போட்டால்தான் இடம் போதியது. விளிம்புக் கோட்டுக்கு ஏழு புள்ளிகள். ரீப்பரை வைத்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நண்பர் கீழே படுத்து, ஒரு கன்னத்தைத் தரையில் வைத்து, கோட்டின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "நாலாவது ஆணி" என்றார். அதைப் பிடுங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ரீப்பர் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உள்ளே துள்ளிப்போய் நின்றது. அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். 412 என்று இருந்ததை நான் 421 என்று குறித்திருந்தேன். மற்ற ஆறு புள்ளிகளையும் வைத்துக்கொண்டு, நாலாவது எங்கே இருந்திருக்கவேண்டும் என்பதை அந்த மரத்துண்டு சொல்லிவிட்டது. இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

நண்பர் படுத்துப் பார்த்ததற்கும் காரணம் உண்டு. தரையோடு தரையாக, சுமார் 6 பாகைச் சாய்வில் பார்த்தால், நீளவாக்கு மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கித் தெரியும். 3 மீட்டர் கோடு 30 சென்டிமீட்டர்போல் ஆகிவிடும். ஆனால் பக்கவாட்டில் புடைத்த 2 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டராகவே இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத மேடு, படுத்துப் பார்த்தால் மலையாகத் தெரியும். கருவி எதுவும் இல்லாத உருப்பெருக்கி இது.

ஒரு கோடு சரியானால் போதாது. படகின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று படங்களிலும் இருக்கிறது. மேற்பார்வையில் ஓர் அகலத்தைத் திருத்தினால் முன்பார்வையிலும் அது மாறவேண்டும். அங்கே மாற்றினால் பக்கவாட்டுப் படம் கோணும். திரும்ப முதலிலிருந்து. இதற்கு உதவ, உடலைச் சாய்வாக வெட்டும் கோடுகளையும் வரைவார்கள். படகின் வயிற்று மடிப்பை அவை கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டுவதால், தவறு ஒளிந்துகொள்ள அங்கே இடமே இல்லை. வாசகியின் மகள் மூன்று நாளாகச் செய்துகொண்டிருப்பது இந்தச் சமாதானப் பேச்சுவார்த்தையைத்தான்.

சரி, கம்ப்யூட்டர்? வரைபவர்களின் ரீப்பருக்கு ஆங்கிலத்தில் ஸ்ப்லைன் என்று பெயர். 1946இல் ஷோன்பெர்க் என்ற கணிதவியலாளர் அந்தப் பெயரையே எடுத்துத் தன் துண்டுத் துண்டான சமன்பாடுகளுக்குச் சூட்டினார். 1959இல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் தெ காஸ்டெல்ஜோவும், பிறகு ரெனோவில் பெசியேயும், கார் உடலின் வளைவுகளைக் கணினிக்குச் சொல்லித்தரத் தங்கள் வழியைக் கண்டார்கள். நீங்கள் இப்போது திரையில் வாசிக்கும் 'ழ'வின் சுழிகூட பெசியே வளைவுதான். சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் எஃகுத் தகட்டை வெட்டும் எந்திரத்துக்குப் போகும் கோடுகளும் இந்தக் குடும்பம். ஆக, கம்ப்யூட்டர் செய்வதும் ரீப்பரின் வேலைதான். மகளுக்கு எந்த வழி வேகமானது என்று நீங்கள் கேட்டால் கம்ப்யூட்டர்தான். திரையில் ஒரு கோட்டைப் பார்த்து, 'நாலாவது புள்ளி சரியில்லை' என்று சொல்லும் கண் வேண்டுமானால், மண்டியிட்டே ஆகவேண்டும்.

இந்தக் கண்ணைப் பற்றி நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை உண்டு. நல்ல ஓடாவியை, அதாவது படகுத் தச்சரை, பார்த்தால் 'கைராசிக்காரர்' என்போம். சிங்கப்பூர் ஆற்றில் 1983 வரை சரக்கு ஏற்றிய தொங்காங் படகுகளைத் தச்சர்கள் வரைபடம் இல்லாமலே கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் சூலியா முஸ்லிம்கள். ஓமானில் ஆணியே இல்லாமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்துக் கட்டி, 2010 ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்த 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' கப்பலிலும் பலகைகளைத் தைத்த பிறகுதான் உள்ளே வங்குகள் வந்தன. அந்த முறையில் பலகையே ரீப்பர். தச்சரின் உள்ளங்கை அந்த மரத்தின் எதிர்ப்பைப் பல்லாயிரம் முறை உணர்ந்திருக்கிறது. இதை ராசி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால், கற்றுக்கொள்ளும் கதவை நாமே சாத்திவிடுகிறோம். கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு உங்கள் மகளே சாட்சி.

இதோடு ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தால் வாழும் ஊர் இது. கடல்துறை மென்பொருள் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை நான் வரவேற்கிறேன். அதில் ஒரு சிறு துளியை எடுத்து, ஒரு தொழிற்கல்லூரியில் 10 மீட்டர் வெள்ளைத் தரையும் பத்து ரீப்பரும் வைத்தால், பிள்ளைகள் இதற்காக விமானம் ஏறவேண்டியதில்லை. கப்பல் பட்டறையில் தகடு வளைக்கும் நம் தோழர்களும், அச்சுப் பலகையை வைத்து ஒளி கசிகிறதா என்று பார்க்கும் அதே கையோடு, வார இறுதியில் வந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்புறம், அந்தப் படத்தில் இருந்த ஆணிகள். கோடு தரையில் இருக்கிறது. அது மரத்துக்கு ஏறவேண்டும். கார்பன் தாளெல்லாம் வேண்டாம். ஆணிகளைக் கோட்டுக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் தலையும் சரியாகக் கோட்டின் மேல் செங்குத்தாக நிற்கும்படி, தட்டிப் பாதித் தலையைத் தரைக்குள் இறக்குவார்கள். மீதிப் பாதி மேலே கத்தி விளிம்புபோல் நிற்கும். வங்குக்கான பலகையை ஆணிகள் அசையாமல் மெதுவாக மேலே வைத்து, ஏறி மிதிப்பார்கள். பலகையைத் தூக்கித் திருப்பினால் அடியில் சின்னச் சின்னப் பற்குறிகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றின் மேல் ரீப்பரை வைத்து வளைத்துப் பென்சில் ஓட்டினால், ரம்பத்துக்கான கோடு தயார். உங்கள் மகள் நாலாம் நாள் ரம்பத்தைக் கையில் எடுத்திருப்பாள்.