இன்யோ கவுன்ட்டியில் ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கிழக்கு ஓரத்தில் இருக்கிறது இன்யோ கவுன்ட்டி (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). பரப்பு ஏறக்குறைய 26,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்போது அங்கே வசித்தவர்கள் 19,016 பேர்தான். மேற்கு எல்லையில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். கிழக்கே மரணப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே பேட்வாட்டர் பள்ளம். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிக உயர்ந்த இடமும் மிகத் தாழ்ந்த இடமும் இவைதான். இரண்டுக்கும் நடுவே 140 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆள் குறைவுக்கு முதல் காரணம் சியரா நெவாடா மலைத்தொடர். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகவும் பனியாகவும் அங்கேயே கொட்டிவிடுகிறது. நீராவி நீராகும்போது வெப்பம் வெளிப்படுவதால், ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிரும். முகட்டைத் தாண்டி இறங்கும்போதோ அதில் ஈரம் அதிகம் இல்லை. கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. அதனால் கிழக்கே வந்து சேரும் காற்று, கிளம்பியபோது இருந்ததைவிட வறண்டும் சூடாகவும் இருக்கும். அப்புறம் இன்யோ, பானமின்ட் மலைகள் வேறு குறுக்கே நின்று மிச்ச ஈரத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. 1913 ஜூலையில் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலக வானிலை அமைப்பின் பட்டியலில் இன்றும் முதலிடம்.

சரி, எல்லாப் பழியையும் மலைமேல் போட முடியுமா? சியராவின் உச்சிப் பனி உருகிக் கிழக்கே ஓவன்ஸ் ஆற்றிலும் இறங்குகிறது. பூர்வகுடிகளான பையூட் மக்கள் அங்கே வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குகளுக்குப் பாய்ச்சினார்கள். ‘நீர் ஓடும் நிலம்’ என்பதே அந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்த பெயர். 1866இல் உருவான கவுன்ட்டியின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். ‘பேராவி உறையும் இடம்’ என்று பொருளாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இங்கே நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்கிக் குவித்தது. 1913இல் நகரத்தின் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டி முடித்த கால்வாய், பம்ப் எதுவும் இல்லாமல் சரிவை மட்டுமே நம்பி 375 கிலோமீட்டர் தூரம் ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1920களில் வற்றியது. ஏரிப்படுகையின் உப்புத் தூசியைப் பல பத்தாண்டுகள் சுற்றுவட்டார மக்கள் சுவாசித்தார்கள். மலை செய்ததைவிட இதுதான் கொடுமை என்று எனக்குப் படுகிறது. கடைசியில் தூசியை அடக்க, நகரமே படுகையில் மறுபடி தண்ணீர் விட வேண்டிவந்தது.

இன்று கவுன்ட்டி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசிடம் இருக்கிறது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நல்ல நிலம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸிடம். தனியாருக்கு மிஞ்சியது 2 சதவீதத்துக்கும் குறைவு. இங்குள்ள ஒரே நகராட்சியான பிஷப், விரிய இடமில்லாமல் நாலாயிரம் பேருக்குள்ளேயே நிற்கிறது.