கோடையில் வருமானம், ஆண்டு முழுவதும் வட்டி: கேளிக்கைப் பூங்காக்கள் ஏன் கைமாறுகின்றன?

டிஸ்னி, யுனிவர்சல் போன்ற பெரும் பூங்காக்களுக்கு மக்கள் விமானம் ஏறி வந்து, விடுதியில் தங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவின் வட்டாரக் கேளிக்கைப் பூங்காக்கள் அப்படிப்பட்டவை அல்ல. இரண்டு மூன்று மணி நேரம் காரில் வந்து, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பும் குடும்பங்களை நம்பியே அவை நடக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் இத்தகைய பூங்காக்கள் பல, ஒருமுறைக்கு மேல் உரிமையாளரை மாற்றியிருக்கின்றன. கூட்டம் குறைந்ததால்தான் விற்றிருப்பார்கள் என்று தோன்றும். கணக்கைப் புரட்டினால், பெரும்பாலும் காரணம் கடனாகவே இருக்கிறது.

குளிர் மிகுந்த வட மாநிலங்களில் ஒரு பூங்கா மே மாதம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை முழுமையாகவும், அதன்பின் சில வார இறுதிகளிலும் இயங்கும். செலவோ பன்னிரண்டு மாதமும் உண்டு. சொத்து வரி, காப்பீடு, நிரந்தர ஊழியர் சம்பளம் ஆகியவற்றோடு, பனிக்காலத்தில் ரோலர் கோஸ்டர் வண்டிகளை அக்கக்காகக் கழற்றி, அச்சுகளிலும் சக்கரச் சட்டங்களிலும் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் ஏதும் உண்டா என்று காந்தத் துகள்களைத் தூவியும் மீயொலியைச் செலுத்தியும் சோதித்து, மீண்டும் பூட்டும் பணியும் அப்போதுதான் நடக்கிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி வருகையாளர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாது. எனவே செலவைத் தாண்டியபின் வரும் ஒவ்வொருவரின் பணமும் ஏறக்குறைய முழுதாக லாபத்தில் சேரும். அதே காரணத்தால், மழையில் நனைந்த ஒரு சனிக்கிழமையின் இழப்பும் முழுதாக லாபத்திலேயே விழும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் கருவிதான், பருவம் முழுவதும் விரும்பியபோதெல்லாம் நுழைய உதவும் சீசன் பாஸ். முந்தைய இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வரும் இந்தச் சீட்டு, ராட்டினங்கள் நிற்கும் மாதங்களில் கைக்குப் பணம் தருகிறது. வானிலை பற்றிய அச்சத்தில் ஒரு பங்கையும் வாடிக்கையாளர் தோளுக்கு மாற்றிவிடுகிறது. சீட்டு மலிவாக இருந்தாலும், அடிக்கடி வருபவர் உணவுக்கும் குளிர்பானத்துக்கும் செலவழிப்பார் என்பதே எதிர்பார்ப்பு. 2022இல், பல வட்டாரப் பூங்காக்களை நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் தள்ளுபடிகளைக் குறைத்து விலையை ஏற்றியபோது, தலைக்குக் கிடைத்த வருமானம் கூடியது. வருகையோ முந்தைய ஆண்டைவிடக் கால் பங்குக்கும் மேல் சரிந்தது.

இவ்வளவு பருவம் சார்ந்த தொழிலாக இருந்தும், வங்கிகளும் முதலீட்டாளர்களும் இதற்குத் தாராளமாகக் கடன் கொடுத்தனர். அருகில் போட்டிப் பூங்கா ஒன்றை எழுப்புவது கடினம் என்பதால் ஆண்டு வருமானம் நிலையானது என்று நம்பினர். 1998இல் பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனம், தன்னைவிடப் பெரிய சிக்ஸ் ஃபிளாக்ஸை, டைம் வார்னர் உள்ளிட்ட உரிமையாளர்களிடம் இருந்து கடனும் சேர்த்து 190 கோடி டாலர் மதிப்பில் வாங்கி, அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் கடன்காரன் வாசலில் நிற்பதைப் போல, வட்டியின் தவணை கோடைக்காகக் காத்திருப்பதில்லை. 2009 ஆகஸ்டில் முதிர்வடைய இருந்த முன்னுரிமைப் பங்குகளுக்கு (குறித்த நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய, கடனைப் போன்ற பங்குகள்) மட்டும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் 30 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. மொத்தக் கடன் சுமார் 240 கோடி. அந்த ஜூனிலேயே நிறுவனம், கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றம் தரும் திவால் பாதுகாப்பைக் கோரியது. அந்தக் கோடையில் பூங்காக்கள் வழக்கம்போல இயங்கின. வருகையாளர் எவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. ஆனால் 2010இல் நிறுவனம் மீண்டபோது பழைய பங்குதாரர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை, கடன் கொடுத்தவர்களே உரிமையாளர்கள் ஆனார்கள்.

இந்தக் கடன் பழக்கத்தின் விலையை முழுமையாகச் செலுத்தியது ஒஹாயோ மாநிலத்தின் ஜியாகா ஏரிப் பூங்கா என்றே நான் கருதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மக்கள் கூடிய இடம் அது. 2000ஆம் ஆண்டில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அங்கே 4 கோடி டாலர் செலவில் நான்கு புதிய ரோலர் கோஸ்டர்களை நிறுவியது. அடுத்த ஆண்டு, ஏரியின் மறுகரையில் இருந்த கடல்வாழ் உயிரினப் பூங்காவான சீவேர்ல்டை 11 கோடிக்கு வாங்கி இரண்டையும் ஒன்றாக்கியது. மூன்றே ஆண்டுகளில், கடன் நெருக்கியதால், எல்லாவற்றையும் சேர்த்து 14.5 கோடிக்கு, போட்டி நிறுவனமான சீடர் ஃபேரிடம் விற்றது. சீடர் ஃபேருக்கோ அதே மாநிலத்தில் சீடர் பாயின்ட் என்ற புகழ்பெற்ற பூங்கா ஏற்கெனவே இருந்தது. 2006இல் பாரமவுன்ட் பூங்காக்கள் ஐந்தை 124 கோடிக்கு வாங்கி, அதுவும் பெருங்கடனைச் சுமந்தது. 2007 செப்டம்பரில் ஜியாகாவின் ராட்டினங்கள் நின்றன. நீர்ப்பூங்கா மட்டும் 2016 வரை நீடித்தது. நான்கு புதிய கோஸ்டர்களில் ஒன்று, பாரமவுன்டிடம் வாங்கிய வர்ஜீனியா பூங்காவுக்கே 2008இல் இடம்பெயர்ந்தது. எஃகைக் கழற்றி லாரியில் ஏற்றலாம், மரத்தை அவ்வளவு எளிதில் ஏற்ற முடியாது. 1925இல் கட்டிய ‘பிக் டிப்பர்’ என்னும் மரக் கோஸ்டர் 2008 ஏலத்தில் 5,000 டாலருக்குப் போய், நகர்த்த ஆளின்றி நின்று, 2016இல் இடிக்கப்பட்டது.

கணக்கேட்டில் பூங்காவுக்கு எப்போதும் இரண்டு விலை உண்டு: இயங்கினால் ஈட்டும் பணம் ஒன்று, நிலமாக விற்றால் வரும் பணம் மற்றொன்று. இரண்டாவதை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் நேரும். ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்டை 2005இல் மூடிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் சுமார் 15 கோடி எதிர்பார்த்தது, கிடைத்தது 7.7 கோடி.

2024 ஜூலை 1 அன்று சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடர் ஃபேரும் ஒன்றாக இணைந்தன. பல தட்பவெப்ப மண்டலங்களில் 42 பூங்காக்கள் இருந்தால் ஓரிடத்து மழையை வேறோரிடத்து வெயில் ஈடுகட்டும் என்ற வாதம் சரியானதே. ஆனால் புதிய நிறுவனம் ஏறத்தாழ 500 கோடி டாலர் கடனையும் உடன் சுமந்தே பிறந்தது. 2025 நவம்பரில் மேரிலாந்தின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா என்ற பூங்கா மூடப்பட்டது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் உள்ள கிரேட் அமெரிக்காவின் நிலத்தை, இணைப்புக்கு முன்பே, 2022இல், கிடங்குகள் கட்டும் புரோலாஜிஸிடம் 31 கோடிக்குச் சீடர் ஃபேர் விற்றுவிட்டது. பூங்கா இப்போது வாடகை நிலத்தில் நடக்கிறது. குத்தகை ஆறு ஆண்டுகள், விரும்பினால் மேலும் ஐந்து. எவ்வளவு கூட்டம் வந்தாலும், அந்த ஒப்பந்தப்படி 2033க்கு மேல் அங்கே இடமில்லை.