காக்கா கரைந்தது, விருந்தாளி வந்தாரா?

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்து இங்கே ஊன்றிவிட்ட குடும்பங்கள். வீட்டில் ஆயா ஒன்று சொல்வார், பாடப்புத்தகம் ஒன்று சொல்லும், அப்பாவின் வாட்ஸ்அப்பில் வேறொன்று வரும். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளைகள் பரீட்சையில் அதை அப்படியே எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். கிரகணத்தன்று வீட்டில் பட்டினியும் கிடப்பார்கள். அதனால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. "சரி, செய்து பார்த்துவிடலாமா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு உண்டு. என்ன நடந்தால் நம்பிக்கை சரி, என்ன நடந்தால் தப்பு என்பதைச் சோதனைக்கு முன்பே நோட்டில் எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எது நடந்தாலும் "அதைத்தான் நானும் சொன்னேன்" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரியவர்கள் இதில் இன்னும் மோசம்.

முதலில் செய்தது காக்கா. வாசலில் காக்கா கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. நோட்டுப் பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்தோம். கரைந்தது, வந்தார்கள். கரைந்தது, வரவில்லை. கரையவில்லை, வந்தார்கள். கரையவும் இல்லை, வரவும் இல்லை. அவரவர் வீட்டில் தினமும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஆரம்பித்த மறுநாளே தகராறு வந்துவிட்டது. ஸ்விக்கிக்காரர் விருந்தாளியா? மாடி வீட்டு ஆன்ட்டி தயிர் கேட்டு வந்தால் கணக்கா? காக்கா எத்தனை தடவை கத்தினால் கரைந்ததாக அர்த்தம்? இதற்கே ஒரு பீரியட் போனது. ஆனால் அதுதான் அந்த வாரத்தின் உருப்படியான பாடம். சொல்வது என்ன என்று தெளிவாகாத ஒன்றைச் சோதிக்கவே முடியாது.

கோடுகள் சேரச் சேர, இரண்டாம் கட்டம்தான் வீங்கியது. இந்த ஊரில் குப்பை வண்டி வருகிற தெருவில் காக்கா கத்தாத நாள் ஏது? நம் ஞாபகத்தில் தங்குவதோ முதல் கட்டம் மட்டும். கரைந்தும் யாரும் வராத நாளை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? கரைந்த நாட்களில் எத்தனையில் விருந்து வந்தது, கரையாத நாட்களில் எத்தனையில் வந்தது என்று இரண்டு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் காக்காவுக்குச் சேதி தெரியுமா என்று சொல்ல முடியும். பூனை குறுக்கே போவது, மூன்று பேராகக் கிளம்புவது எல்லாவற்றுக்கும் இதே நான்கு கட்டம் போதும்.

அடுத்து உலக்கை. கிரகணத்தின்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் செங்குத்தாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். கன்னட வீடுகளிலும் இதே பழக்கம் உண்டு. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது இப்படி நின்ற உலக்கைகளின் வீடியோ நிறையச் சுற்றியது. நின்றது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. கிரகணம் இல்லாத நாளில் யாராவது நிறுத்திப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு பையன் வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூக்கி வந்தான். சாதாரணப் பள்ளி நாள், வானத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பிடித்து, மெதுவாக அசைத்து, கையை எடுத்தால் நின்றது. தண்ணீர் இல்லாத தட்டிலும் நின்றது. வெறும் சிமென்ட் தரையிலும் நின்றது. பூண் தேய்ந்து கோணலாகிவிட்ட இன்னொரு உலக்கை எதிலும் நிற்கவில்லை. கணக்கு எளிது. நாலரை அடி உலக்கையின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய நடுவில், 27 அங்குல உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பாகத்தின் விட்டம் 2 அங்குலம். அப்படியானால் ஏறத்தாழ 2 டிகிரி சாயும்வரை அது விழாது. பொறுமையாகப் பிடித்தால் அந்த 2 டிகிரிக்குள் கொண்டுவந்துவிடலாம். கிரகண நேரத்தில் மட்டும்தான் நாம் அவ்வளவு பொறுமையாகப் பிடிக்கிறோம்.

இதற்கு ஒரு 'அறிவியல்' விளக்கமும் உலவுகிறது: சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றனவாம். எனக்கு ஆயாவைவிட இந்த விளக்கம் சொல்கிறவர்மேல்தான் கோபம் வரும். தரையில் இருக்கும் உலக்கைமேல் சூரியன், நிலா இரண்டின் ஓத விசையையும் (கடலை ஏறி இறங்க வைக்கும் அதே இழுப்பு) கூட்டினாலும், பூமி இழுப்பதில் ஒரு கோடியில் 2 பங்குக்கும் குறைவு. "அப்ப அமாவாசைக்கு அமாவாசை நிக்கணுமே மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

எலுமிச்சம்பழம் கொஞ்சம் கவலையான விஷயம். செய்வினை இருக்கிறது என்று சொல்லிப் பழத்தை அறுத்து 'ரத்தம்' காட்டுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஒரு மாணவியின் வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தார்கள். எப்படிச் செய்திருப்பான் என்று கேட்டதும் வகுப்பு முழுக்க ஒரே பதில்: மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தி கரைத்துப் பார்த்த பிள்ளைகள் ஆயிற்றே. சரி, செய்யுங்கள் என்றேன். கத்தியில் சிவப்பாகப் பூசி அறுத்தால், சாறு பட்ட இடமெல்லாம் மறுபடி மஞ்சளாகிவிட்டது! காரத்தில்தான் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சை அமிலம். ஏமாற்றுக்காரன் சொன்னதைச் சோதித்தது போதாது, நாம் சொல்கிற மறுப்பையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் செம்பருத்தி இதழைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்தோம். மங்கலான ஊதாக் கறை, கண்ணில் படாது. அறுத்ததும் சாறு செக்கச்செவேல் என்று வடிந்தது. அந்த மாணவி அன்று கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டாள். அம்மாவையே பள்ளிக்கு வரச் சொன்னேன்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பாரம்பரியம் உண்டு. பெங்களூரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர் எச். நரசிம்மையா, 1976-ல் அற்புதங்களை ஆராயவே ஒரு குழு அமைத்தார். 2017-ல் கர்நாடகம் கொண்டுவந்த மாந்திரீகத் தடைச் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. யாராவது பயமுறுத்திப் பணம் பறித்தால் போலீசுக்குப் போகலாம் என்பதையாவது பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

படித்தவர்களின் நம்பிக்கையையும் விட்டுவைப்பதில்லை. உச்சி வெயிலில் நிழல் இருக்காது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். மைதானத்தில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தால் பெரும்பாலான நாட்களில் 12 மணிக்கு நிழல் இருக்கிறது. பெங்களூரில் அது முழுதாக மறைவது வருடத்தில் இரண்டு சமயம்தான்: ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அன்றும் நிழல் மறைவது 12 மணிக்கு இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ 77.6-ல். அதனால் ஏப்ரலில் 12.18, ஆகஸ்டில் 12.24 சுமாருக்கு ஆகிவிடும். டெல்லிக்காரர்களுக்கு எந்த நாளும் கிடையாது. கடகரேகைக்கு வடக்கே சூரியன் தலைக்கு நேர்மேலே வருவதே இல்லை.

நம்பிக்கை ஜெயிக்கிற இடமும் உண்டு. செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், அதுவும் இதே பெங்களூரில். 2012-ல் வெளியான ஆய்வு அது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தண்ணீரில் கலந்து 16 மணி நேரம் செம்புப் பாத்திரத்தில் வைத்தபின் அவற்றை வளர்த்தெடுக்க முடியவில்லை. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஆயா கட்சிக்கு ஒரே கைதட்டல். ஆனால் அதே குடம் சர்க்கரையைக் குறைக்கும், எடையைக் குறைக்கும் என்று வருகிற ஃபார்வர்டுக்கு அந்த ஆய்வு பொறுப்பில்லை. மோர், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு இவற்றைச் செம்பில் வைக்கவும் கூடாது. அமிலத்தில் செம்பு கரையும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நெருப்பு வரவழைக்கும் வித்தைகள் வேண்டாம், கிரகணச் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, பிள்ளை வீட்டுக்குப் போய் ஆயாவை மடக்கினால் சோதனை அன்றோடு முடிந்தது. கிரகணச் சாப்பாட்டில் தர்ப்பை போட்ட டப்பா, போடாத டப்பா இரண்டையும் பெயர் ஒட்டாமல் நீட்டி, எது எது என்று மோந்து சொல்லும் நடுவராக ஆயாவையே வைக்கச் சொன்னேன். சில ஆயாக்கள் வகுப்பைவிட உற்சாகமாக இறங்கினார்கள். முகர்ந்து பார்ப்பது கிருமியை எண்ணுவது ஆகாது என்பதையும் நோட்டில் எழுதவைத்தேன்.

பல்லி விழும் பலன் மட்டும் இன்னும் பட்டியலிலேயே கிடக்கிறது. முதலில் பல்லி விழ வேண்டும். விழுந்தபின் பலன் எத்தனை நாளுக்குள் நடக்கும் என்று பஞ்சாங்கத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. "என்ன நடந்தால் தப்பு" என்ற பகுதியில் ஒருவன் "எதுவும் நடக்காட்டி, ஆனா எப்பவாவது நடந்துடும்" என்று எழுதியிருந்தான். ஒரு பெண் வீட்டில் போய்க் கேட்டுவந்து சொன்னாள்: "பல்லி விழுந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வேலையப் பாருன்னு ஆயா சொல்லிச்சு மிஸ்." குளிப்பதைச் சோதிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.