சர்க்கரை சென்சார் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் நேரடியாக ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. சுமார் 5 மி.மீ. நீளமுள்ள மெல்லிய இழை அங்கே புதைந்திருக்கும். ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அந்த நீருக்கு வந்துசேர 5 முதல் 10 நிமிடம் ஆகும், சில நேரம் 15 கூட. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில், விரலில் குத்தி ரத்தத்தை அளக்கும் மீட்டர் 180 என்றும் சென்சார் 150 என்றும் காட்டினால் கருவி பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சர்க்கரை வேகமாக ஏறும் நேரம் அது.

அதனால் சென்சாரைச் சோதிக்க நேரம் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், அல்லது சாப்பாட்டுக்கு முன், திரையில் அம்புக்குறி கிடையாக இருக்கும்போது, அதாவது சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும்போது சோதியுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு விரலில் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டரே தப்பாகக் காட்டும். மீட்டர் 100-க்கு மேல் காட்டினால் 20 சதவீதம், 100-க்குக் கீழே என்றால் 20 மி.கி. வரை வித்தியாசம் இருக்கலாம். மீட்டரில் 130, சென்சாரில் 112 என்றால் கவலை இல்லை. 130-க்கு 85 என்று இரண்டு மூன்று தடவை வந்தால், அந்தச் சென்சாரை நம்பி இன்சுலின் அளவை மாற்றவே கூடாது. முதல் 24 மணி நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இழை நுழைந்த இடம் அடங்கும்வரை எண்கள் தடுமாறும்.

பலரைப் பயமுறுத்துவது இரவு வரைபடம். இரண்டு மணிக்குக் கோடு செங்குத்தாக 55-க்கு விழும், சற்று நேரத்தில் எதுவும் சாப்பிடாமலே 105-க்கு ஏறிவிடும். சென்சார் ஒட்டிய கையை அழுத்திப் படுத்திருந்தால் இப்படி வரும். உண்மையான தாழ்சர்க்கரை பெரும்பாலும் சரிவாக இறங்கும். ஆனால் இரவில் அலாரம் அடித்தால் வடிவத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் அதற்கும் காத்திருக்காமல் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பதும் விரலில்தான். சென்சார் பின்தங்குவதால் அப்போதும் 60 என்றே காட்டக்கூடும். அதை நம்பி மறுபடி மறுபடி இனிப்புச் சாப்பிட்டு 250-க்குப் போய்விடுகிறார்கள்.

மாத்திரைகளையும் கவனியுங்கள். சில சென்சார்களில், நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் கூடுதலாகத் தெரியும். இருக்கும் தாழ்சர்க்கரை மறைந்துபோகும் என்பதால் இது ஆபத்தான பிழை. உங்கள் கருவியின் கையேட்டில் இந்தப் பகுதியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஒட்டும்போது மேற்கையின் பின்புறத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய்க் குளியல் அன்று ஒட்டினால் இரண்டு நாள்கூட நிற்காது. ரவிக்கையின் இறுக்கமான கைவிளிம்பு படும் இடத்தையும் தவிர்க்கவும், கழற்றும்போது சென்சாரும் கூடவே வந்துவிடும். அரிப்போடு கொப்புளம் வந்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அகற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்சார் தரும் 14 நாள் அறிக்கையில் சராசரியைத் தேடி ஓடாதீர்கள். 70-க்குக் கீழே எவ்வளவு நேரம் என்பதை முதலில் பாருங்கள். பெரியவர்களுக்கு அது 4 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். தளர்ந்த முதியவர்களுக்கு 1 சதவீதத்துக்குள். அடுத்து, பெரியவர்களுக்குச் சர்க்கரை 70 முதல் 180-க்குள் இருக்கும் நேரம் நாளில் 70 சதவீதமாவது, அதாவது சுமார் 17 மணி நேரமாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இலக்கு வேறு, 63 முதல் 140. ஆனால் 14 நாளில் 70 சதவீதப் பதிவாவது இல்லாவிட்டால் இந்தக் கணக்குகள் நிற்காது. லிப்ரே என்ற பிராண்டின் முதல் தலைமுறைச் சென்சார் 8 மணி நேரப் பதிவைத்தான் சேமிக்கும். தூங்கப் போகும்போதும் விழித்தவுடனும் ஃபோனைச் சென்சார் அருகே காட்டி ஸ்கேன் செய்யாவிட்டால் இரவு காணாமல் போகும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், அறிகுறி தெரியாமலே சர்க்கரை இறங்குபவர்களுக்கும் இது தொடர்ந்து தேவைப்படும் கருவி. மாத்திரையில் சீராக இருப்பவர்களுக்கு எப்போதாவது ஒரு சென்சார் போதும். அந்த 14 நாளில் ஒரே அளவு இட்லியை ஒருநாள் சட்னியோடும், இன்னொருநாள் முதலில் காய்கறியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டும், வேறொருநாள் பின்னால் 15 நிமிடம் நடந்தும் சோதித்து, நேரத்தோடு எழுதி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாக விற்கும் கைக்கடிகாரம், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.